பதினேழாம் பங்கு

இஸ்திரி அக்காவை முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை. அவருக்கும் என்னைப் பிடிக்கவில்லை என்பதை மறைக்க அவர் பாடுபடவும் இல்லை. ஊசியும் ரத்தம் பிடிக்கும் குப்பிகளும் அடங்கிய பெட்டியோடு ஆஸ்பத்திரியின் அடித்தளத்துக்கு நான் இறங்கிப் போனபோது, "எங்க ரத்தத்தை எடுத்து யாருக்கு ஏத்தப் போறீங்க?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டு கேட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன். முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. எனக்கும் கொஞ்சம் முன்கோபம் உண்டு. "உங்க ரத்தம் யாருக்கும் ஒத்துக்காது, பயப்படாதீங்க" என்றேன். சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எங்கள் பழக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது.

நாங்கள் செய்த ஆய்வின் அறிக்கையில் அவர் இல்லை. அவரோடு சேர்த்து அந்தப் பிரிவின் பதினேழு பேரையும் ஒரே வரியில் நீக்கிவிட்டார்கள். நீக்கியது சரிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வரிக்குள் ஒரு முழு மனுஷியின் வாழ்க்கை கிடக்கிறது. அதை யாராவது சொல்ல வேண்டும். மாத்திரை எண்ணிக் கொடுத்தவள் நான்தான் என்பதால் நானே சொல்கிறேன்.

அது ஆஸ்பத்திரியின் துணி வெளுக்கும் பிரிவு. எல்லோரும் லாண்டரி என்பார்கள். ஏழு மாடிகளின் அழுக்குத் துணியும் ஒரு பெரிய குழாய் வழியாக மூட்டை மூட்டையாக அங்கே வந்து விழும். நான்கு துவைக்கும் இயந்திரங்கள், மூன்று உலர்த்தும் இயந்திரங்கள், நடுவில் ரோலர். ரோலர் என்பது கொதிக்கக் கொதிக்கச் சுற்றும் ஒரு நீண்ட உருளை. இந்தப் பக்கம் நின்று ஈரப் போர்வையை விரித்து உள்ளே விட்டால், அந்தப் பக்கம் சுருக்கமில்லாமல் காய்ந்து வெளியே வரும். விடுகிறவரும் வாங்குகிறவரும் நாள் முழுக்க ஆவிக்கு நடுவே எதிரும் புதிருமாக நிற்க வேண்டும்.

ஜன்னல் கிடையாது. சுவரின் உச்சியில் ஒரு முழ நீளத்துக்குக் கம்பி போட்ட ஒரு திறப்பு உண்டு. அதன் வழியாகத் தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். டாக்டர்களை அந்தப் பெண்களுக்கு முகத்தைக் கொண்டு தெரியாது, செருப்பைக் கொண்டுதான் தெரியும். "எலும்பு டாக்டர் புது ஷூ வாங்கியிருக்காரு" என்று ஒருத்தி சொன்னால் பதினேழு பேரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். காலை ஆறு மணிக்கு உள்ளே போனால் சாயங்காலம் ஆறு மணிக்கு வெளியே. குளிர் மாதங்களில் இருட்டோடு வந்து இருட்டோடு போவார்கள். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. அன்றைக்கு வீட்டுத் துணி.

இஸ்திரி அக்கா பத்தொன்பது வயதில் அங்கே வந்தவர். நான் பார்த்தபோது ஐம்பது. அம்மா போய்ச் சேர்ந்த வருஷமே வேலையில் சேர்ந்து, ஏழு வயதுத் தம்பியைத் தன் சம்பளத்தில் வளர்த்தவர். நடுவில் கல்யாணம் ஒன்று நடந்து எட்டே மாதத்தில் முடிந்தது. கேட்டால், "மனுஷன் நல்லவர்தான். வீட்டுக்கு வழிதான் மறந்து போச்சு" என்பார். அதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது.

தம்பி இப்போது பஸ் டிரைவர். ஜன்னல் பக்கம் இருக்கும் வலது கை மட்டும் வெயில் பட்டுப் பட்டுக் கறுத்து, இடது கை வேறு யாருடைய கையோ போல வெளுத்திருக்கும். "எங்க வீட்டுலயே வெயில் பார்க்கிறது அந்த ஒரு கைதான்" என்று அக்கா கேலி செய்வார். பொம்பளைப் பிள்ளை மாதிரி வெட்கப்படுவான் அவன்.

தம்பி பெண்டாட்டி அவனைவிட ஒரு தலை உயரம். லாண்டரியில் அவள் பெயர் நெட்டை. மூன்று வருஷத்துக்கு முன் கல்யாணமாகி வந்தவளை, "வீட்டுல உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறதுக்கு இங்க வந்து என்னைப் பாரு" என்று சொல்லி வேலையில் சேர்த்துவிட்டதே அக்காதான். வந்த முதல் வாரத்தில் தலைக்கு மேலே போகும் ஆவிக் குழாயில் நான்கு தடவை முட்டிக்கொண்டாள். ஐந்தாவது தடவைக்கு முன்னால், கிழிந்த தலையணை உறைகளைச் சுற்றி அந்த இடத்தில் கட்டிவிட்டார் அக்கா. முப்பத்தொரு வருஷமாக அந்தக் குழாய் அங்கே இருக்கிறது, அதில் முட்டிய முதல் ஆள் இவள்தான். ரோலரில் அக்கா விட, நெட்டை வாங்குவாள். "அண்ணி, மெதுவா விடுங்க, எனக்கு ரெண்டே கைதான்" என்று ஆவிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். "இருக்கிற ரெண்டையும் ஆட்டு" என்று இந்தப் பக்கமிருந்து பதில் போகும். ஒரு நாளில் இது எத்தனை தடவை என்று கணக்கில்லை.

ஆய்வுக்கு அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததே வெயில் இல்லாததால்தான். பெரிய டாக்டரம்மா தானே இறங்கி வந்து விளக்கினார். வெயில் தோலில் பட்டால் உடம்பு தானாகவே செய்துகொள்ளும் சத்து வைட்டமின் டி. அது எலும்புக்கு வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. தொண்டையிலும் நுரையீரலிலும் காவல் நிற்கும் அணுக்கள், சளிக் காய்ச்சல் வைரஸ் உள்ளே நுழையும்போது அதைக் கொல்லும் ஒரு பொருளைத் தாங்களே செய்யும். அதைச் செய்ய இந்தச் சத்து வேண்டும். காவல் அளவு மீறிப் போய்ச் சொந்த நுரையீரலையே புண்ணாக்கிவிடாமல் அடக்கி வைப்பதிலும் இதற்குக் கை உண்டு. ஆனால் குறைவாக இருக்கிறவர்களுக்கு இதைக் கொடுத்தால் காய்ச்சல் நிஜமாகவே குறையுமா என்பது தெளிவாகத் தெரியவில்லை.

"தெரியாமலேயா குடுக்கறீங்க?" என்றார் அக்கா.

"தெரியாததாலதான் குடுக்கறோம்" என்றார் டாக்டரம்மா. "பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் எண்ணெய் அடைச்ச மாத்திரை. ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, இந்த மேடத்துக்கும் தெரியாது. ஆறு மாசம் கழிச்சு ரெண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தாத்தான் உண்மை தெரியும்."

அக்கா என்னைப் பார்த்தார். "அப்போ யாருக்குமே எதுவும் தெரியாது. நல்லா இருக்கு போங்க."

பதினேழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். எல்லோருடைய ரத்தத்திலும் அந்தச் சத்து பத்து, பதினொன்று என்று தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. குறைந்தது இருபது இருக்க வேண்டும் என்று வைத்திருந்தோம். ஆளுக்கு ஒரு எண் போட்ட டப்பாவில் மாதத்துக்கு முப்பத்திரண்டு மாத்திரை. கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவள் என்பதால் நெட்டைக்குப் பதினேழாம் எண். மாதக் கடைசியில் நான் போய் மிச்சத்தை எண்ண வேண்டும். மறந்தவர், தொலைத்தவர், பூனை தள்ளிவிட்டது என்பவர் என்று எல்லா இடத்திலும் எண்ணிக்கை தாறுமாறாகத்தான் வரும்.

லாண்டரியில் மட்டும் அப்படி வரவில்லை. முதல் மாதம் எல்லா டப்பாவிலும் இரண்டிரண்டு. இரண்டாம் மாதம் எல்லா டப்பாவிலும் மூன்று மூன்று. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பதினேழு பேரும் ஒரே அளவுக்கு ஒழுங்காக இருப்பார்கள், சரி. பதினேழு பேரும் ஒரே அளவுக்கு மறப்பார்களா? எனக்கு உறைக்கவில்லை. ஏனென்றால் கூட்டத்தில் டாக்டரம்மா என்னைத் தட்டிக்கொடுத்தார். "இவங்க இடத்தைப் பார்த்துக் கத்துக்கங்க" என்று மற்றவர்களிடம் சொன்னார். நான் தலைகால் புரியாமல் திரிந்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டியவள், பாராட்டைக் கேட்டுக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். இதை இப்போது எழுதும்போதும் எனக்கு என் மேல் ஆத்திரம் வருகிறது.

ஐந்தாவது மாதம் காய்ச்சல் வந்து ஊரையே படுக்க வைத்தது. நான்காம் மாடி முழுவதையும் மூச்சுத் திணறலோடு வருகிறவர்களுக்கென்று ஒதுக்கினார்கள். அங்கிருந்து வரும் துணி மஞ்சள் மூட்டையில் தனியாக வரும். அவிழ்க்காமல் அப்படியே வெந்நீர் இயந்திரத்துக்குள் போட வேண்டும். லாண்டரியில் ஒன்பது பேருக்குக் காய்ச்சல் வந்துபோனது. அக்காவுக்கு மூன்று நாள். நெட்டை இரண்டு நாள் காய்ச்சலோடேயே நின்று போர்வை வாங்கினாள். மூன்றாம் நாள் ஆவிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரவில்லை. அக்கா எட்டிப் பார்த்தபோது அவள் மடித்த துணி அடுக்கில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு நீலமாக இருந்தது.

நான்காம் மாடியில்தான் படுக்கை கிடைத்தது. ஆய்வில் இருக்கிறவர் யாராவது ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அன்றே ரத்தம் எடுக்க வேண்டும் என்பது விதி. நான்தான் போனேன். முகமூடியும் அங்கியும் மாட்டிக்கொண்டு போனாலும் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து, "மாத்திரை மேடம், இந்த மாசம் எனக்கு எவ்வளவு மிச்சம்னு அண்ணியைக் கேளுங்க, அவங்களுக்குத்தான் தெரியும்" என்றாள். பேச்சு மூச்சு வாங்க வாங்க வந்தது. நாத்தனாரை வைத்து ஏதோ கேலி செய்கிறாள் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

உள்ளே போய்ப் பார்க்க வீட்டு ஆட்களுக்கு அனுமதியில்லை. தம்பி பஸ்ஸை விட்டுவிட்டு வாசலிலேயே கிடந்தான். அக்கா வேலைக்கு வந்தார். வராமல் எப்படி, துணி மலையாகக் குவிந்திருந்தது. நான்காம் மாடித் துணி வெந்நீரில் வெளுத்து வந்ததும், வேறு யாரையும் தொடவிடாமல் ரோலரில் தானே விட்டார். எல்லாப் போர்வையிலும் மூலையில் 4 என்று முத்திரை குத்தியிருக்கும், படுக்கை எண் இருக்காது.

"எது அவளுக்குப் போகும்னு தெரியாது" என்று பின்னால் என்னிடம் சொன்னார். "அதனால எல்லாத்தையும் ஒரு சுருக்கம் இல்லாம போட்டேன். ஏதோ ஒண்ணு அவ முதுகுக்குக் கீழ இருக்கும் இல்ல?"

பதினொரு நாள் போட்டார். பன்னிரண்டாம் நாள் காலையில் தம்பி படியிறங்கி லாண்டரிக்கு வந்து நின்றான். அவன் உள்ளே வந்து பல வருஷமாகிவிட்டதாம். ரோலர் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா பாதி விட்ட போர்வையைக் கையிலிருந்து விட்டார். அது அந்தப் பக்கம் போய், வாங்க ஆளில்லாமல் தரையில் விழுந்தது.

ஆறாவது மாதம் முடிந்து கடைசி ரத்தம் எடுத்தோம். பரிசோதனைக் கூடத்திலிருந்து லாண்டரியின் பட்டியல் வந்த அன்று டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மற்ற இடங்களில் பாதிப் பேருக்கு முப்பதுக்குப் பக்கத்திலும் பாதிப் பேருக்குப் பத்துக்குக் கீழேயும் இருந்தது. மருந்து சாப்பிட்டவர் ஒரு பக்கம், எண்ணெய் சாப்பிட்டவர் ஒரு பக்கம். லாண்டரியில் எல்லோருக்கும் இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. நெட்டையைச் சேர்த்த அன்று நான் எடுத்த ரத்தத்திலும் இருபத்தொன்று. மேலேயும் யாரும் இல்லை, கீழேயும் யாரும் இல்லை.

"என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?" என்றார் டாக்டரம்மா.

டீ நேரத்துக்கு லாண்டரிக்குப் போனேன். "டப்பாவை மாத்திச் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். கேட்கவில்லை, கத்தினேன்.

இஸ்திரி அக்கா எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் தகர டப்பாவை எடுத்து வந்து மேஜையில் வைத்தார். மூடியில் படம் எல்லாம் தேய்ந்துபோயிருந்தது. லாண்டரிக்கு மேலிருந்து எது வந்தாலும் அந்த டப்பாவில்தான் விழும். குணமாகிப் போகிறவர்கள் கொடுக்கும் மிட்டாய், பிரசவ வார்டிலிருந்து வரும் இனிப்பு, யாரோ கொடுத்தனுப்பும் பழம், எதுவானாலும். யார் கையில் கொடுத்தார்கள் என்பது பேச்சில்லை. டீ நேரத்தில் எல்லோருக்கும் ஒரே பங்கு, அன்றைக்கு வராதவருக்கும் எடுத்து வைக்க வேண்டும். அக்கா வருவதற்கு முன்பிருந்தே அந்த வழக்கம் இருந்தது. டப்பாவுக்குப் பொறுப்பு இருபது வருஷமாக அக்காதான்.

"பாதிப் பேருக்கு வெறும் எண்ணெய்னு சொன்னீங்க" என்றார். "பதினேழு பேரும் ஒரே ஆவியைத்தான் குடிக்கிறோம், ஒரே மூட்டையைத்தான் தூக்கறோம். ஒருத்திக்கு மருந்து, பக்கத்துல நிக்கறவளுக்கு எண்ணெய்னா அது எப்படிங்க? எல்லாத்தையும் டப்பாவுல கொட்டிக் கலந்தேன். தினம் ஆளுக்கு ஒண்ணு எடுத்துக் குடுத்தேன். இன்னிக்கு எண்ணெய் வந்தா நாளைக்கு மருந்து வரும். மாசக் கடைசியில மிச்சத்தைப் பிரிச்சு உங்க டப்பாவுல போட்டேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க எண்ணினீங்க. கேக்கலையே."

எனக்கு அடிவயிற்றிலிருந்து கோபம் வந்தது. ஆறு மாத உழைப்பு, என் பெயர், எல்லாம் அந்தத் தகர டப்பாவுக்குள் போய்விட்டது. ஏதோ கடுமையாகச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் குரலைத் தாழ்த்தி, மற்றவர்களுக்குக் கேட்காமல் ஒன்று கேட்டார்.

"பதினேழாம் டப்பாவுல இருந்தது மருந்தா, எண்ணெயா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் டப்பாவில் இருந்தது எண்ணெய் என்றால், அக்கா கலந்ததால் அவளுக்குப் பாதியாவது மருந்து கிடைத்தது. அவளுடையது மருந்து என்றால், அவளுக்கு வர வேண்டியதில் பாதியை எடுத்து ஊருக்குப் பங்கு வைத்தது அவருடைய கை. அவள் செத்த நாளிலிருந்து அந்த மனுஷி இதை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் யாரிடமும் சொல்ல முடியாத துக்கம் அது.

தெரிந்துகொள்ள வழி இருந்தது. எல்லா இடத்திலும் ஆய்வு முடிந்த பிறகு ரகசியப் பட்டியலைப் பிரிப்பார்கள். அவரவர் கேட்டால் அவரவருடையதைச் சொல்லலாம். இறந்தவருடையதைக் கணவன் கையெழுத்துப் போட்டுக் கேட்டால்தான் சொல்லலாம். "தம்பி கேக்கணும்" என்றேன். அவருக்கு முகம் செத்துப் போனது. தம்பிக்கு அந்த டப்பா விஷயம் எதுவும் தெரியாது.

அவர் பேசாமல் விட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரே என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை. கதவு நிலைக்குப் பக்கத்தில் நெட்டையின் செருப்பு அப்படியே இருந்தது. தம்பி தரையில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். அக்கா அவனுக்கு எதிரே உட்கார்ந்தார். பூசி மெழுகவில்லை, அழவும் இல்லை. டப்பாவில் கலந்ததை, பங்கு வைத்ததை, இப்போது கேட்க நினைப்பதை, எல்லாவற்றையும் துணி எண்ணிக் கொடுப்பது மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"நீ கையெழுத்துப் போட்டா தெரிஞ்சுடும். போட வேணாம்னா வேணாம்" என்று முடித்தார்.

அவன் ஊசியைச் சட்டையில் குத்தி வைத்தான். பிறகு படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்தான். அக்காவைப் பார்க்கவில்லை.

பட்டியலைப் பிரிக்க ஒன்பது மாதம் ஆனது. அந்த ஒன்பது மாதமும் அக்கா ஒரு மாத்திரைகூட வாயில் போடவில்லை. தலைவலிக்குக்கூட. நான் வாரத்துக்கு ஒரு தடவை ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு கீழே போனேன். ரோலரின் அந்தப் பக்கம் மிச்சமிருந்த பதினாறு பேரில் ஒருத்தி நின்றாள், குள்ளமானவள். குழாயில் கட்டிய துணிச் சுற்று அப்படியே இருந்தது. யாரும் அதை அவிழ்க்கவில்லை.

பிரித்தார்கள். அக்காவுடையது வெறும் எண்ணெய். அதை அவரிடம் சொன்னேன். "சரி" என்றார். பதினேழாம் எண்ணின் உறையை நான் பஸ் டிப்போவுக்குக் கொண்டுபோனேன். கூடவே ஒரு டப்பா. ஆய்வு முடிந்ததும் கலந்துகொண்ட எல்லோருக்கும் மூன்று மாதத்துக்கு நிஜ மருந்து கொடுப்பதாக முதலிலேயே ஒப்புக்கொண்டிருந்தோம். பட்டியலிலிருந்து பதினேழை அடிக்க யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும் சேர்த்துக் கட்டி அனுப்பிவிட்டார்கள்.

அவன் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தே பிரித்தான். மருந்து என்று எழுதியிருந்தது.

"கலக்காம இருந்திருந்தா?" என்று கேட்டான்.

வழியெல்லாம் இதற்குத்தான் பதில் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். வாயில் வந்தது கொஞ்சம்தான். "சேர்த்த அன்னிக்கு அவங்க ரத்தத்துல அந்தச் சத்து குறைவா இல்ல. போதுமான அளவு இருந்தது. கலக்காம இருந்திருந்தா இன்னும் கொஞ்சம் கூட இருந்திருக்கும். மத்த இடத்துல மருந்து சாப்பிட்டவங்களுக்குக் காய்ச்சல் கொஞ்சம்தான் குறைஞ்சிருக்கு. முழுசாச் சாப்பிட்டும் நாலாம் மாடிக்குப் போனவங்க இருக்காங்க. இவங்க ஒருத்தரை எடுத்துக்கிட்டு, இப்படிச் செஞ்சிருந்தா பிழைச்சிருப்பாங்களான்னு கேட்டா, டாக்டரம்மாவுக்கும் தெரியாது, யாருக்குமே தெரியாது."

"யாருக்கும் தெரியாது" என்று அவன் திரும்பச் சொன்னான். கறுத்த கையால் உறையை நாலாக மடித்துப் பையில் வைத்தான். பஸ்ஸைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

அன்று வீட்டுக்குப் போய் அந்தத் தாளை அக்காவின் முன்னால் வைத்திருக்கிறான். ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. பத்தொன்பது நாள் அப்படியே போனது. "போடற சோத்தைச் சாப்பிடறான். தட்டைக் கழுவி வெச்சுட்டுப் போறான்" என்றார் அக்கா. "திட்டினா நல்லா இருக்கும். அவளுக்கு வந்ததுல பாதியைப் பிடுங்கினவ நான். என் வயித்துக்குள்ளயும் போயிருக்கு. நான் மூணு நாள்ல எழுந்து உட்கார்ந்துட்டேன்." அப்போதுதான் அவர் அழுது நான் முதல் தடவையாகப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன். ஒருவரையொருவர் பிடிக்காமல் ஆரம்பித்தவர்கள் நாங்கள்.

இருபதாம் நாள் கடைசிப் படிவங்களில் கையெழுத்து வாங்க நான் கீழே போயிருந்தேன். டீ நேரம், ரோலரை நிறுத்தியிருந்தார்கள். படியில் காலடிச் சத்தம் கேட்டது. தம்பி சீருடையோடு இறங்கி வந்தான். அக்கா எழுந்து நின்றார். அவன் யாரையும் பார்க்காமல் நேராக வந்து, குழாயில் கட்டியிருந்த அந்தத் துணிச் சுற்றுக்குக் கீழே நின்றான். அவன் தலைக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. ஒரு நிமிஷம் அண்ணாந்து பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து பதினேழாம் எண் டப்பாவை எடுத்தான். சீல் உடைக்கவில்லை.

"அக்கா, தகர டப்பா எங்க?"

அவனே அலமாரியைத் திறந்து அதை எடுத்து மேஜையில் வைத்தான். சீலை உடைத்து எல்லாவற்றையும் அதற்குள் கொட்டினான். தகரத்தில் மாத்திரை விழும் சத்தம் அந்த அறை முழுக்கக் கேட்டது.

"அவளுக்கு வந்தது. பங்கு வைங்க" என்றான். "அவ இருந்திருந்தா இதைத்தான் செஞ்சிருப்பா. வீட்டுக்கு எடுத்துட்டுப் போகமாட்டா."

அக்கா டப்பாவை இழுத்து வைத்துக்கொண்டு பங்கு போட ஆரம்பித்தார். வெள்ளைத் துணி ஒன்றை விரித்து அதன் மேல் ஆளுக்கு ஒரு குவியலாக வைத்துக்கொண்டே போனார். நெட்டையையும் சேர்த்த பதினேழு பேர் கணக்கு கையோடு ஊறிப்போயிருந்தது போலும். எல்லோரும் தங்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டபின், எடுக்க ஆளில்லாமல் துணியில் ஒன்று மிஞ்சி நின்றது.

மாத்திரையை எண்ணுவது என் வேலை. ஒருவர் மருந்தை இன்னொருவர் சாப்பிடக் கூடாது என்று சொல்வதும் என் வேலை. நான் சுவரில் இருந்த திறப்பைப் பார்த்தேன். யாருடைய கால்களோ வெயிலில் போய்க்கொண்டிருந்தன.

அக்கா மிஞ்சிய குவியலிலிருந்து ஒன்றை எடுத்தார். தம்பியின் இடது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார், அந்த வெளுத்த கையை. அவன் ஏழு வயதுப் பையனாக இருந்தபோது எப்படிச் சொல்லியிருப்பாரோ அப்படியே சொன்னார்.

"வாயைத் தொறடா."

அவன் திறந்தான். போட்டுவிட்டு, ஒன்பது மாதமாக எதையும் தொடாத அந்த மனுஷி தன் பங்கிலிருந்தும் ஒன்றை எடுத்துத் தண்ணீர் இல்லாமலேயே விழுங்கினார்.